கட்டுரையிலிருந்து கதைக்கு: மகள் வேலையை விடப்போகிறாள் என்று கவலைப்படும் தாயாருக்கு

மதிப்பிற்குரிய அம்மா,

உங்கள் மகள் பல ஆண்டுகளாகச் செய்தியாளராகவும் சிறப்புக் கட்டுரையாளராகவும் நல்ல பெயருடன் பணியாற்றி வருகிறார். இப்போது அந்த வேலையை விட்டுவிட்டு நாவல் எழுதப்போவதாக உறுதியாகச் சொல்கிறார். திருமணம் நிச்சயமாகி, பிடிஓ வீட்டுக்கு (முன்பதிவின்பேரில் அரசு கட்டித்தரும் அடுக்குமாடி வீடு) விண்ணப்பிக்க இருவரும் ஆயத்தமாகும் வேளையில் இந்த முடிவு உங்களைக் கலங்கவைத்திருப்பது இயல்பே. "எழுதுவதுதான் ஏற்கெனவே அவளுடைய வேலையாக இருக்கிறதே, கதை எழுதுவதற்கு வேலையை ஏன் விடவேண்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். வேலையை இப்போது விடவேண்டியதில்லை என்ற அளவில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால், இரண்டும் எழுத்துத்தானே என்று நீங்கள் நினைப்பது சரியன்று. உங்களுக்கும் மகளுக்கும் இடையே நடக்கும் வாக்குவாதம் பணத்தைப் பற்றியது போலத் தோன்றினாலும், அதன் வேர் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

பணத்தைப் பற்றி முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அதில் விவாதிக்க அதிகம் இல்லை. சிங்கப்பூரில் தமிழ்ப் புனைவு எழுதி மட்டும் வாழ்க்கை நடத்த முடியாது. 2020-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுவோர் ஐந்து வயதுக்கு மேற்பட்ட குடியிருப்பாளர்களில் 2.5 விழுக்காட்டினரே. இங்கு எழுதப்படும் தமிழ் நூல்கள் பலவும் தமிழ்நாட்டில் அச்சாகி, சில நூறு படிகளாக வந்து, வெளியீட்டு விழாவிலும் நண்பர்கள் வட்டத்திலும் விற்றுத் தீர்கின்றன. வேலையை விட்டால் சம்பளம் மட்டும் போவதில்லை. 55 வயது வரையிலான ஊழியருக்கு முதலாளி மத்திய சேமநிதியில் செலுத்தும் 17 விழுக்காடும் நின்றுவிடும். சுயதொழில் செய்பவரின் நிகர வருமானம் ஆண்டுக்கு 6,000 வெள்ளியைத் தாண்டினால், மெடிசேவ் எனும் மருத்துவச் சேமிப்புக்கான சந்தாவையும் அவரே தம் கையிலிருந்து கட்டவேண்டும். வீட்டுக் கடனுக்கான தகுதியை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கணக்கிடும்போது வருமானத்தைத்தான் பார்க்கிறது என்பதை நான் உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

இவ்வளவும் உங்கள் மகளுக்குத் தெரியும். தெரிந்தும் ஏன் விடத் துடிக்கிறார் என்பதுதான் கவனிக்கவேண்டியது. செய்தித் துறையில் இருந்துகொண்டு கதை எழுத முயன்ற சிலருக்கு நான் ஆலோசனை வழங்கியிருக்கிறேன். நேரம் கிடைப்பதில்லை என்றுதான் எல்லாரும் தொடங்குவார்கள். சற்றுப் பேசவிட்டால், நேரம் கிடைத்த நாளிலும் எழுத முடியவில்லை என்பது வெளிவரும். கணினிமுன் அமர்ந்தால் கதை வருவதில்லை, கதையைப் பற்றிய கட்டுரைதான் வருகிறது. சோம்பலோ திறமைக் குறைவோ இதற்குக் காரணமன்று. பல ஆண்டுகள் ஒரு வகை எழுத்தில் கை பழகிவிட்டதன் விளைவு இது.

ஓர் எடுத்துக்காட்டோடு பார்த்தால் இது தெளிவாகும். தேக்காவில் ஒரு பழைய மளிகைக் கடை மூடப்படுவதாக வைத்துக்கொள்வோம். செய்தியாளர் இப்படி எழுதுவார்: "தேக்காவில் நாற்பது ஆண்டுகளாக இயங்கிவந்த மளிகைக் கடை இம்மாத இறுதியுடன் மூடப்படுகிறது. வாடகை உயர்வும் தமக்குப் பின் கடையை ஏற்று நடத்த ஆள் இல்லாததுமே காரணம் என்றார் 72 வயது உரிமையாளர்." இதில் குறை ஒன்றுமில்லை. யார், எங்கே, எப்போது, ஏன் என்ற கேள்விகள் அனைத்துக்கும் விடை இருக்கிறது. காரணத்தைச் சொன்னவர் யார் என்பதும் இருக்கிறது. கதையாசிரியருக்கு இந்த விடைகளால் பெரிய பயன் இல்லை. கடையின் கடன் நோட்டில், இருபது ஆண்டுகளுக்கு முன் பொங்கோலுக்குக் குடிபோன ஒரு பெண்மணியின் பெயரில் 38 வெள்ளி 40 காசு பாக்கி நிற்கிறது. கடைசி நாளன்று நோட்டைப் புரட்டும் உரிமையாளர், மற்றப் பக்கங்களையெல்லாம் குறுக்குக்கோடு போட்டு அடித்துக்கொண்டே வருகிறார். அந்தப் பக்கம் வந்ததும் கூட்டலை இன்னொரு முறை போட்டுச் சரிபார்க்கிறார், அடிக்காமல் நோட்டை மூடிவைத்துவிட்டுத் தராசைத் துடைக்கப் போகிறார். வாடகையைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அவர் ஏன் அதை அடிக்கவில்லை என்பதையும் எழுத்தாளர் சொல்லவில்லை.

இந்த இடத்தில்தான் செய்தியாளரின் கை நிற்க மறுக்கும். "ஒரு தலைமுறையின் நம்பிக்கை அந்த நோட்டோடு மூடப்பட்டது" என்று ஒரு வரியைச் சேர்க்கத் துடிக்கும். எல்லா வாசகருக்கும் ஒரே பொருள் விளங்கவேண்டும் என்பது செய்தி அறையின் நியாயம்; அந்த வரியைச் சேர்த்தால் ஆசிரியர் பாராட்டவும் செய்வார். கதையில் அந்த ஒரு வரி, அதற்கு முன் எழுதியவை அனைத்தையும் வீணாக்கிவிடும். பகலெல்லாம் அப்படிப்பட்ட வரிகளை எழுதிச் சம்பளம் வாங்கிவிட்டு, இரவில் அதே கையால் அவற்றை வெட்டவேண்டியிருப்பதுதான் உங்கள் மகளின் அவதி. இதை நீங்கள் புரிந்துகொண்டாலே வீட்டில் பேச்சு சற்றுத் தணியும்.

உரையாடலில் இந்தச் சிக்கல் இன்னும் கடுமையாகத் தெரியும். நம் செய்திகளில் மீன் விற்பவரும் தாதியும் அமைச்சரும் ஒரே தமிழில்தான் பேசுகிறார்கள். பேட்டி கொடுத்தவர் ஆங்கிலத்தில் பாதி, தமிழில் பாதி, நடுவே ஒரு மலாய்ச் சொல் எனச் சொன்னதையெல்லாம் எழுத்துத் தமிழில் ஒழுங்குபடுத்தி, "என்று அவர் கூறினார்" என முடிப்பது முறை. இப்படியே பழகியவர் கதை எழுதும்போது, செங்காங்கில் வளரும் பதினாறு வயதுப் பையன்கூடத் தன் பாட்டியிடம் செய்தி அறிக்கை வாசிப்பதுபோலப் பேசுகிறான். அவன் உண்மையில் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறானா, பாட்டிக்குப் புரியட்டும் என்று தமிழை வலிந்து தேடுகிறானா, பாட்டி பசாருக்குப் போய்வந்த கதையைச் சொல்லும்போது கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே 'ம்' கொட்டுகிறானா என்பதிலேயே ஒரு குடும்பத்தின் நிலை முழுவதும் அடங்கியிருக்கிறது. தமிழ்நாட்டு வாசகருக்குப் புரியாதோ என்று அஞ்சி ஒவ்வொரு சொல்லுக்கும் அடிக்குறிப்புப் போடவேண்டாம் என்பது என் கருத்து. கதை நன்றாக இருந்தால் வாசகர் இடம் பார்த்துப் பொருள் கொண்டுவிடுவார்.

ஆகவே, மாறவேண்டியது பழக்கம். அதற்கு வேலையைத் துறப்பது ஒரு வழியே தவிர, ஒரே வழியன்று. தமிழ் இலக்கியத்தில் இதழியலும் புனைவும் என்றுமே அடுத்தடுத்த வீடுகளாகவே இருந்துள்ளன. புதுமைப்பித்தன் 'தினமணி'யில் பணியாற்றியவர். கல்கியின் வரலாற்று நாவல்கள் அவர் ஆசிரியராக இருந்த இதழிலேயே தொடராக வந்தவை. நம் ஊரிலும் இதற்குச் சான்றுகள் உண்டு. 'தமிழ் முரசு' நாளிதழில் பணியாற்றிய கனகலதா, தம் சிறுகதைத் தொகுப்புக்காக 2008-ஆம் ஆண்டின் சிங்கப்பூர் இலக்கியப் பரிசைப் பெற்றார். அதே ஆண்டில் கலாசாரப் பதக்கம் பெற்ற பி. கிருஷ்ணன், நெடுங்காலம் வானொலியில் பணியாற்றியவர். சிறுகதைகளும் நாடகங்களும் எழுதியவர். இவர்களைக் காட்டி "அவர்களால் முடிந்ததே, உன்னால் ஏன் முடியாது?" என்று மகளிடம் கேட்டுவிடாதீர்கள். வேலையும் புனைவும் ஒன்றையொன்று அழித்தே தீரும் என்ற முடிவுக்கு அவர் அவசரப்பட்டு வரவேண்டியதில்லை என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

நான் பரிந்துரைப்பது, வேலையின் அளவையும் தன்மையையும் மாற்றிக்கொள்வதை. 2024 டிசம்பர் 1 முதல் நடப்புக்கு வந்துள்ள முத்தரப்பு (அரசாங்கம், முதலாளிகள், தொழிற்சங்கங்கள்) வழிகாட்டுதல்களின்படி, தகுதிகாண் காலத்தை முடித்த ஊழியர் நீக்குப்போக்கான வேலை ஏற்பாடு கோரி முறையாக விண்ணப்பிக்கலாம். முதலாளி இரண்டு மாதங்களுக்குள் எழுத்துமூலம் முடிவைத் தெரிவிக்கவேண்டும், மறுத்தால் காரணத்தையும் குறிப்பிடவேண்டும். கேட்டதெல்லாம் கிடைத்தே தீரும் என்று இதற்குப் பொருளன்று. ஆயினும், சம்பளக் குறைப்புடன் வாரத்துக்கு நான்கு நாள் வேலை என்ற கோரிக்கையை, மாற்று ஏற்பாடு என்ன என்பதையும் சேர்த்துத் தெளிவாக எழுதிக் கொடுத்தால், அதைப் பரிசீலிக்காமல் ஒதுக்குவது மேலதிகாரிக்கு எளிதன்று. பதவி விலகல் கடிதம் கொடுக்கும் முன் இதைச் செய்யாதிருப்பது வீண் இழப்பு.

அதே அலுவலகத்தில் பணி மாற்றம் கேட்பதும் நல்லது. தினமும் களத்துக்குச் சென்று எழுதும் பணியைவிட, பிறர் எழுதியதைச் செப்பனிடும் துணையாசிரியர் பணி கதை எழுதுபவருக்குப் பொருந்தும் என்பது என் கணிப்பு. பலர் இதற்கு நேர்மாறாக, களத்தில்தான் கதைக்கரு கிடைக்கும் என்பார்கள். உங்கள் மகளுக்கு இனிமேல் கரு தேவையில்லை, குறிப்பேடுகளில் வேண்டிய அளவுக்கு இருக்கும். அவருக்குத் தேவைப்படுவது, நாள் முடியும்போது செலவாகாமல் மிஞ்சியிருக்கும் சொந்த வாக்கியம். மொழிபெயர்ப்புப் பணியும் இதற்கு ஏற்றதே. வசந்தம் தொலைக்காட்சி ஒளிவழியின் நாடகங்களுக்கு வசனம் எழுதுவது வருமானமும் தரும், உரையாடலைக் காதால் கேட்டு எழுதவும் பழக்கும். ஆனால், அங்கும் காலக்கெடு கழுத்தை நெரிக்கும் என்பதால் வேலையோடு சேர்த்துச் செய்வதற்கு உகந்ததன்று.

நாவலில் தொடங்கவேண்டாம் என்று மகளிடம் சொல்லுங்கள்; நீங்கள் சொன்னால் கோபம் வரும் என்றால் இக்கடிதத்தையே காட்டுங்கள். நீண்ட சிறப்புக் கட்டுரைகளை எழுதியவருக்கு நாவல் கைக்கு எட்டியதுபோலத் தெரியும், ஏனென்றால் பக்கங்களை நிரப்புவது அவருக்குக் கடினமில்லை. அந்த எளிமையே ஆபத்து. முந்நூறு பக்கம் எழுதியபின் அது விளக்கவுரையாக இருப்பதைக் கண்டு மனம் உடைவதைவிட, பத்துப் பக்கச் சிறுகதையில் அதைக் கண்டு திருத்துவது மேல். சிங்கப்பூர்த் தமிழ் எழுத்தாளர் கழகத்தின் மாதாந்திரக் கதைக்களத்தில் கதைகளைக் கலந்துரையாடுகிறார்கள். அங் மோ கியோ நூலகத்தைச் சார்ந்த வாசகர் வட்டமும் உண்டு. செய்தியாளராக அல்லாமல், புதிதாக எழுத வந்தவராக அங்கே போய் உட்கார்ந்து, தம் கதையைப் பிறர் குறைகூறக் கேட்பது தொடக்கத்தில் சங்கடமாகவே இருக்கும். தேசியக் கலைகள் மன்றம் 1993-ஆம் ஆண்டில் தொடங்கிய தங்கமுனை விருது என்ற எழுத்துப் போட்டி சிங்கப்பூரின் நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் நடத்தப்படுகிறது. சிறுகதைக்குத் தனிப் பிரிவு உண்டு. பரிசு கிடைப்பது இரண்டாம் பட்சம். ஒரு கதையைக் குறித்த நாளுக்குள் முடித்துக் கையைவிட்டு அனுப்பும் பழக்கத்தை அது தரும்.

எழுதும் விஷயத்தில் அவர் கவனமாக இருக்கவேண்டிய ஓரிடத்தைச் சொல்லவேண்டும். வேலையின் பகுதியாக எழுதியவற்றின் பதிப்புரிமை, ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொல்லாதவரை, பொதுவாக முதலாளிக்கே உரியது. அச்சான கட்டுரையின் பத்திகளை அப்படியே கதைக்குள் எடுத்துவைக்க முடியாது. அதைவிட முக்கியமானது, செய்தியாளர் என்ற நம்பிக்கையில் மனம் திறந்து பேசியவர்களின் வாழ்க்கை. பெயரை மட்டும் மாற்றிவிட்டு, தொழிலையும் வட்டாரத்தையும் குடும்பச் சூழலையும் அப்படியே விட்டால், இந்தச் சிறிய தமிழ்ச் சமூகத்தில் அவர் யார் என்பது ஒரே வாரத்தில் தெரிந்துவிடும். அதில் சட்டச் சிக்கலும் வரலாம், அதற்கு முன்பே ஒரு மனிதரின் முகம் வாடிவிடும். மூன்று பேரிடம் கேட்டதை ஒருவருக்குள் கலந்து, இடத்தையும் நிகழ்ச்சியையும் புதிதாக அமைத்தால் கதைக்கும் நல்லது: உண்மையில் நடந்தது என்பதற்காகவே ஒரு காட்சியை வைத்துக்கொள்ளும் பிடிவாதமும் அப்போதுதான் தளரும்.

கதையில் வரும் அத்தை எந்த அத்தை என்று நீங்களும் கேட்காதிருப்பது நல்லது. இன்றைக்கு எத்தனை பக்கம் எழுதினாய் என்று கேட்பதும் வேண்டாம். வாரத்தில் விடுப்பான அந்த ஒரு நாளில் வீட்டு வேலைகளும் வங்கி வேலைகளும் அவர் தலையில் வந்து விழாமல் பார்த்துக்கொண்டால் அதுவே பெரிய உதவி.

இந்த ஏற்பாட்டை ஓராண்டு நடத்திப் பாருங்கள். அதற்குள் நான்கைந்து சிறுகதைகள் முடிந்து, உறவினர் அல்லாத வாசகர்கள் அவற்றைப் படித்துக் கருத்துச் சொல்லியிருந்தால், நாவலுக்கென்று மூன்று முதல் ஆறு மாதங்கள் ஊதியமில்லா விடுப்புக் கேட்பது நியாயமான அடுத்த படி. அப்போதும் பதவி விலகல் தேவைப்படாது. வீட்டுக்கான கடன் தகுதியைச் சம்பளச் சீட்டுகள் கையில் இருக்கும்போதே உறுதிசெய்துகொண்டு, ஆறு மாதச் செலவுக்கான தொகையைத் தனிக் கணக்கில் ஒதுக்கியபின் அந்த விடுப்பை எடுக்கலாம். வருங்கால மருமகனையும் இந்தக் கணக்குப் பேச்சில் இப்போதே சேர்த்துக்கொள்ளுங்கள், ஏனெனில் அந்த விடுப்புக் காலத்தில் சம்பளம் வாங்கப்போகிறவர் அவர் ஒருவர்தான்.