நாற்பதைத் தாண்டியவர்கள் கேட்டவை: உடம்பு, டென்ஷன், பழக்கம்

வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே மாதிரிதான் தொடங்குகின்றன: "எல்லாம் தெரியும் டாக்டர், தொடர்ந்து செய்யத்தான் முடியலை." அதனால் எதைச் செய்வது என்பதைவிட எப்படித் தொடர்வது என்பதற்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன். மாத்திரை அளவு கேட்டவர்களுக்கு இங்கே பதில் இல்லை. அதை உங்களை நேரில் பார்க்கும் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

ஈரோட்டில் ஜவுளிக் கடை வைத்திருக்கிறேன், வயது 46. மூன்று மாத சராசரி சர்க்கரை 6.1. 'பார்டர்ல இருக்கு, நடங்க' என்றார்கள். காலை ஐந்தரைக்கு எழுந்து நடக்க ஆரம்பிப்பேன், மழை பெய்தால் நின்றுவிடும், அப்புறம் மாதக்கணக்கில் போக மாட்டேன். எனக்கு மன உறுதி இல்லையா?

மன உறுதியைச் சந்தேகப்பட வேண்டாம், நேரத்தைச் சந்தேகப்படுங்கள். இரவு பத்து மணிக்குக் கடை அடைத்து, கணக்குப் பார்த்து, சாப்பிட்டுப் படுக்கப் பன்னிரண்டு ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படிப்பட்டவர் ஐந்தரைக்கு எழுந்தால் அது தூக்கத்தைத் திருடிச் செய்யும் நடை. மழை ஒரு சாக்குதான், மழை வராவிட்டாலும் நின்றிருக்கும்.

சராசரி சர்க்கரை 5.7 முதல் 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. இங்கிருந்து திரும்பி வர முடியும் என்பதற்கு நம் ஊரிலேயே ஆதாரம் இருக்கிறது. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு சென்னையில் நடத்தி 2006-ல் வெளியிட்ட ஆய்வில், உங்களைப் போலவே 'பார்டரில்' இருந்த நடுத்தர வயதுக்காரர்களைச் சுமார் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். தினமும் அரை மணி நேரம் வேகமாக நடக்கவும், சர்க்கரை, மாவுச்சத்து, எண்ணெயைக் குறைக்கவும் சொல்லி இடைவிடாமல் தொடர்பில் இருந்தார்கள். அறிவுரை மட்டும் கேட்டுப் போனவர்களோடு ஒப்பிட்டால், இவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. சர்க்கரைக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிட்ட குழுவிலும் ஏறக்குறைய அதே அளவு பலன்தான்.

ஆகவே அந்த அரை மணியை உடைத்துக்கொள்ளுங்கள். மதியம் சாப்பிட்டு முடித்ததும் கடைத்தெருவிலேயே பத்து நிமிடம், ராத்திரி சாப்பிட்டதும் வீட்டு வாசலில் பத்து நிமிடம். சாப்பிட்ட கையோடு நடந்தால், தசைகள் அந்த நேரத்துச் சர்க்கரையை அப்போதே இழுத்துக்கொள்ளும். மீதிப் பத்து நிமிடத்துக்கு வண்டியைச் சற்றுத் தள்ளி நிறுத்துங்கள். மழை நாளில் என்ன செய்வது என்பதை வெயில் நாளிலேயே முடிவு செய்துவிடுங்கள்: உங்கள் கடைக்கு மாடி இருக்கிறது, படி இருக்கிறது.

ஒரு பழக்கம் தானாக ஓட எவ்வளவு நாள் ஆகும் என்று 2010-ல் லண்டனில் ஓர் ஆய்வு வந்தது. நடுமட்டமாக 66 நாள். சிலருக்கு 18 நாளில் பிடிபட்டது, சிலருக்கு 254 நாள் வரை ஆகலாம் என்று கணக்கிட்டார்கள். நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பாதிப்பு எதுவும் இல்லை. ஒரு நாள் விட்டதும் 'போச்சு, இனி அடுத்த மாசம் ஒண்ணாந்தேதி' என்று நினைப்பதில்தான் பழக்கம் நின்றுபோகிறது.

மதுரையில் பள்ளி ஆசிரியை, 49. மாமியாருக்கு மறதி நோய், ராத்திரியில் இரண்டு மூன்று தடவை எழுந்து கதவைத் திறக்கப் போவார். பையன் பிளஸ் டூ. எனக்குப் பிபி 150/96. வீட்டுக்காரர், 'தியானம் பண்ணு, சரியாயிடும்' என்கிறார். எந்த நேரத்தில் பண்ணுவது, மேடம்?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். உங்களுக்கு இருப்பது தியானக் குறை இல்லை அம்மா, ஆள் குறை. மூன்று பேர் பார்க்க வேண்டிய வேலையை ஒருவர் பார்க்கிறீர்கள், அதுவும் உடைந்த தூக்கத்தோடு. இதற்கு மூச்சுப் பயிற்சி மட்டும் சொல்லி அனுப்பினால் அது நியாயமாக இருக்காது.

முதலில் பிபி. சரியாக அளந்தார்களா என்று பாருங்கள். காபி குடித்து அரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். நாற்காலியில் முதுகைச் சாய்த்து, கால் தரையில் படும்படி, பேசாமல் ஐந்து நிமிடம் உட்கார வேண்டும். கை மேசை மேல், நெஞ்சு உயரத்தில். ஒன்றிரண்டு நிமிடம் விட்டு இரண்டு முறை பார்க்க வேண்டும். வேறு வேறு நாட்களில் இப்படிப் பார்த்தும் 140/90-க்கு மேலேயே நின்றால் அது இரத்தக் கொதிப்புதான். 'டென்ஷன் குறைஞ்சதும் இறங்கிடும்' என்று ஆறு மாதம் காத்திருக்க வேண்டாம், டாக்டர் மாத்திரை சொன்னால் போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து, ஒரு நோட்டில் ஒரு வாரம் நடப்பதை அப்படியே எழுதுங்கள். ராத்திரி யார் எத்தனை மணிக்கு எழுந்தார்கள், மாமியாரைக் குளிப்பாட்டியது யார், மருந்து வாங்கியது யார், டியூஷன் ஃபீஸ் கட்டியது யார். ஞாயிற்றுக்கிழமை அந்த நோட்டை வீட்டுக்காரர் முன்னால் வைத்துப் பேசுங்கள். வாரத்தில் மூன்று இரவுகள் மாமியார் அறையில் அவர் படுக்கட்டும். அவருடைய அம்மா, அவருடைய முறை. கொழுந்தன், நாத்தனார் இருந்தால் மாதத்தில் ஒரு சனி ஞாயிறு அவர்கள் வீட்டிலோ, அவர்கள் உங்கள் வீட்டுக்கு வந்தோ பார்த்துக்கொள்ளட்டும். "உதவி பண்ணுங்க" என்று பொதுவாகச் சொன்னால் யாருக்கும் காதில் விழாது. கிழமையும் வேலையும் சொல்லிக் கேளுங்கள். கதவுக்கு மேலே, மாமியார் கண்ணில் படாத உயரத்தில் ஒரு தாழ்ப்பாள், கழிப்பறை வழியில் இரவு விளக்கு, இந்த இரண்டும் ராத்திரி அலைச்சலைக் கொஞ்சம் குறைக்கும்.

அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, பிபி மாத்திரையை வீட்டுக்கே கொண்டு வருகிறார்கள். நடமாட முடியாதவர்களுக்கு இயன்முறை சிகிச்சையும், வலி தணிப்புப் பராமரிப்பும் அதில் உண்டு. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாமியார் பெயரைக் கொடுங்கள்.

இதெல்லாம் நகர ஆரம்பித்த பிறகு மூச்சுப் பயிற்சிக்கு வாருங்கள். மூக்கால் மெதுவாக இழுத்து, அதைவிட நிதானமாக வெளியே விடுங்கள், நிமிடத்துக்கு ஆறு மூச்சு வருகிற கணக்கில், ஐந்து நிமிடம். பள்ளி முடிந்து ஸ்டாஃப் ரூம் காலியாகும் நேரம் உங்களுக்குத் தோதாக இருக்கலாம். வீட்டில் அந்த ஐந்து நிமிடம் கிடைக்காது.

கோவை, ஐடி வேலை, 43. ராத்திரி பதினொன்றரை வரை அமெரிக்கா கால். ஒரு நாளைக்கு ஆறு காபி. படுத்தால் தூக்கம் வருவதில்லை, எழுந்தால் அசதி. குறட்டை பயங்கரம் என்று மனைவி சொல்கிறாள்.

காபியில் இருக்கும் கஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போகவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். மாலை ஆறு மணி டிகாக்ஷன், கால் முடியும் நேரத்திலும் உங்களுக்குள் பாதி இருக்கிறது. மதியம் இரண்டுக்கு மேல் காபி வேண்டாம். ஆறை ஒரே நாளில் இரண்டாக்கினால் தலைவலி வரும், ஒவ்வொரு வாரமும் ஒரு காபி வீதம் குறைத்துக்கொண்டே வாருங்கள்.

என்னைக் கவலைப்பட வைப்பது குறட்டைதான். தூக்கத்தில் மூச்சு நின்று, திணறி, மறுபடி வருகிறதா என்று மனைவியைக் கவனிக்கச் சொல்லுங்கள். அப்படி இருந்தால், ஏழு மணி நேரம் படுத்தாலும் அசதி போகாது, பிபியும் ஏறும். நுரையீரல் அல்லது காது மூக்கு தொண்டை டாக்டரைப் பார்த்துத் தூக்கப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பகலில் வண்டி ஓட்டும்போது கண் சொருகினால் இந்த வாரமே போங்கள்.

தினமும் பத்தாயிரம் அடி நடந்தே ஆகணுமா? (நாகர்கோவில், 51)

இல்லை. அந்த எண் 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவியது. உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம், பேச முடியும் ஆனால் பாட முடியாது என்கிற வேகத்தில். நீங்கள் இப்போது மூவாயிரம் அடி நடக்கிறீர்கள் என்றால் ஐயாயிரமே நல்ல முன்னேற்றம்.

திருநெல்வேலி, 47. மாதவிலக்கு இரண்டு மாதம் வராது, வந்தால் நிற்காது. திடீரென்று நெஞ்சிலிருந்து முகம் வரை அனல், வேர்த்துக் கொட்டும். சின்ன விஷயத்துக்கெல்லாம் பிள்ளைகள் மேல் எரிந்து விழுகிறேன். எனக்கு மனநோயா?

இல்லை அம்மா. மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய சில ஆண்டுகளில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் ஏறி இறங்குவதால் இத்தனையும் வரும். நம் நாட்டுப் பெண்களுக்கு 46, 47 வயதை ஒட்டியே நின்றுவிடுவது சகஜம். ராத்திரி வேர்த்து முழிப்பு வந்தால் தூக்கம் கெடும், தூக்கம் கெட்டால் எரிச்சல் வரும். இதைப் பிள்ளைகளிடமும் வீட்டுக்காரரிடமும் வெளிப்படையாகச் சொல்லுங்கள், மறைத்துக்கொண்டு தவிக்க வேண்டாம்.

ஆனால் 'வயசுக் கோளாறு' என்று விட்டுவிடவும் கூடாது. ஹீமோகுளோபினும் தைராய்டும் பாருங்கள், படபடப்புக்கும் அசதிக்கும் அவையும் காரணமாகலாம். நிற்காத உதிரப்போக்குக்கு மகப்பேறு டாக்டரிடம் காட்ட வேண்டும். ஒரு வருடம் முழுதாக நின்ற பிறகு ஒரு சொட்டுப் பட்டாலும் உடனே போக வேண்டும். அனல் தாங்க முடியாத அளவில் இருந்தால் சிகிச்சை உண்டு, கேட்டு வாங்குங்கள்.

இந்த வயதில் எலும்பும் தசையும் சேர்ந்து தேயும். நடை மட்டும் அதற்குப் போதாது. நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, கையை ஊன்றாமல் எழுந்து நில்லுங்கள். பொத்தென்று விழாமல் மூன்று எண்ணி உட்காருங்கள். பத்து முறை. அப்புறம் சுவரில் இரு கையை ஊன்றி, முழங்கையை மடக்கிச் சுவரை நோக்கிச் சாய்ந்து தள்ளுங்கள், அதுவும் பத்து. வாரத்தில் இரண்டு மூன்று நாள் போதும். குக்கர் விசில் வரும் நேரத்தில் முடிந்துவிடும்.

சோற்றை விட்டுச் சிறுதானியத்துக்கு மாறிவிட்டேன், சர்க்கரை இறங்கவில்லை. (தஞ்சாவூர், 53)

கேழ்வரகும் கம்பும் மாவுச்சத்துதான் ஐயா. மாவாக அரைத்துக் கூழாகக் காய்ச்சினால் சர்க்கரை விறுவிறுவென்று ஏறும். தானியத்தை மாற்றியதோடு அளவையும் குறைத்தீர்களா?

நம் மதியச் சாப்பாட்டைக் கவனியுங்கள். சாம்பாருக்கு ஒரு சுற்று சோறு, ரசத்துக்கு ஒரு சுற்று, மோருக்கு ஒரு சுற்று, இந்த மூன்றுக்கும் சேர்த்து ஒரே கரண்டி பொரியல். இதைத் திருப்புங்கள். முதலில் பொரியலும் கூட்டும் இரண்டு இரண்டு கரண்டி. பிறகு சாம்பாருக்கு மட்டும் சோறு. ரசத்தையும் மோரையும் டம்ளரில் வாங்கிக் குடியுங்கள். சுண்டல், முட்டை, மீன் ஏதாவது ஒன்று தட்டில் இருக்கட்டும். தஞ்சாவூர்க்காரரைச் சோற்றை விடச் சொன்னால் அது எத்தனை நாள் நடக்கும்? ஒரு சுற்றை விடுவது நடக்கும்.

ராத்திரி இரண்டு ரவுண்டு போனால்தான் வேலை டென்ஷன் அடங்குகிறது. (திருச்சி, 45)

தூக்கம் சீக்கிரம் வரும், பின்னிரவில் கெடும். பிபி ஏறும், ஈரல் கொழுப்பும் கூடும். மறுநாள் படபடப்பு அதிகமாகி மறுபடி தேடும். தினமும் அதிகம் குடிக்கிறவராக இருந்தால் திடீரென்று நீங்களாக நிறுத்தாதீர்கள், கை நடுக்கமும் வலிப்பும் வரலாம். டாக்டர் துணையோடு நிறுத்துங்கள். வேலை முடிந்து வீட்டுக்கு வரும் அந்த ஒரு மணி நேரத்தில் வேறு எங்காவது இருக்க ஏற்பாடு செய்யுங்கள், குழந்தையோடு ஷட்டில் ஆடினாலும் சரி.

சென்னை, 50. வேலை போய் நான்கு மாதம். விடியற்காலை மூன்று மணிக்கே முழிப்பு. கிரிக்கெட் கூடப் பிடிக்கவில்லை. இருந்து என்ன ஆகப்போகிறது என்று தோன்றுகிறது.

தம்பி, நீங்கள் இதை எழுதியது நல்லது. இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கம் கெட்டு, இப்படி எண்ணம் வந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். சிகிச்சையில் குணமாகிற நோய். 'மனசைத் தேத்திக்கோ' என்று சொல்கிறவர்களுக்காகக் காத்திருக்க வேண்டாம். 14416 என்பது அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண், இலவசம், எந்த நேரமும் தமிழில் பேசலாம். இதைப் படித்து முடித்ததும் பேசுங்கள். உங்கள் மனைவியிடமோ நண்பரிடமோ, எழுதியதை அப்படியே காட்டுங்கள், இன்று இரவு தனியாக இருக்காதீர்கள். சாகும் எண்ணம் தீவிரமானால் பக்கத்து அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள்.

டென்ஷன் ஆனால் நெஞ்சை அடைக்கிறது. வாயு என்று சோடா குடிக்கிறேன். (சேலம், 54)

சோடாவை நிறுத்துங்கள். நெஞ்சின் நடுவில் இறுக்கம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, வேர்வை, மூச்சு வாங்கல், இதில் எது வந்தாலும் 108-ஐ அழையுங்கள், முதல் வேலை ஈசிஜி. மாடி ஏறும்போது வந்து, நின்றால் விடுகிற வலியும் இதயத்தைச் சேர்ந்ததாக இருக்கலாம். இப்போது வலி இல்லை என்றாலும் நாளைக்கே இதய டாக்டரைப் பாருங்கள்.

நாற்பது ஆனவர்கள் என்னென்ன டெஸ்ட் எடுக்க வேண்டும்? ஐயாயிரம் ரூபாய் பேக்கேஜ் அவசியமா? (வேலூர், 41)

பேக்கேஜ் அவசியமில்லை. பிபி, சர்க்கரை, கொழுப்பு, சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின், இவற்றோடு தையற்காரர் டேப்பால் இடுப்புச் சுற்றளவு. ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80-ஐத் தாண்டக் கூடாது. பெண்கள் கர்ப்பப்பை வாய், மார்பகப் பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும். சர்க்கரை, பிபி, இந்தப் புற்றுநோய்ப் பரிசோதனைகள் எல்லாம் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் 30 வயதிலிருந்தே இலவசம். ரிப்போர்ட்டுகளைத் தேதி வாரியாக ஒரே ஃபைலில் வையுங்கள். எந்த டாக்டரிடம் போனாலும் பழைய ரிப்போர்ட்டையும் எடுத்துப் போங்கள். போன வருடம் 5.6 இருந்த சராசரி சர்க்கரை இந்த வருடம் 6 ஆகியிருக்கிறது என்பது அந்த ஃபைல் இருந்தால்தான் எங்களுக்குத் தெரியும்.