கணுவுள்ளதா, மூட்டுள்ளதா? கேள்வி பதில்

கேள்வி: விரல், கரும்பு, நண்டின் கால் மூன்றையும் ‘மூட்டுள்ள’ என்றே சொல்லலாமா?

பதில்: வேண்டாம். அந்த இடம் மடங்குகிறதா என்று முதலில் பாருங்கள். மடங்கினால் மூட்டு. மடங்காமல் புடைத்து நின்று தண்டைப் பகுத்துக் காட்டினால் கணு. ஆகவே மூட்டுள்ள விரல், கணுவுள்ள கரும்பு. ‘மூட்டுள்ள மூங்கில்’ என்று எழுதினால் மூங்கில் அங்கே மடியும் என்றாகிவிடும். உள்ளே குறுக்குச் சுவர் இருப்பதால் கணு மூங்கிலுக்கு உறுதி தரும் இடம். இரண்டு கணுக்களுக்கு நடுவே உள்ள பகுதி கணுவிடை.

கேள்வி: நண்டின் கால் மடங்குகிறதே, பிறகு ஏன் கணுக்காலி?

பதில்: நல்ல கேள்வி. நண்டு, இறால், தேள், சிலந்தி, பூரான், பூச்சிகள் எல்லாவற்றுக்கும் பொதுவாக நிலைத்துவிட்ட கலைச்சொல் அது, மாற்ற வேண்டியதில்லை. இவற்றின் காலில் கெட்டியான ஓடு துண்டு துண்டாக இருக்கும். துண்டுகளுக்கு நடுவே மெல்லிய சவ்வு; கால் மடங்குவது அங்கேதான். எனவே தொகுதியின் பெயராகக் ‘கணுக்காலி’ என்றும், காலை விவரிக்கும்போது ‘மூட்டுள்ள கால்’ என்றும் எழுதுங்கள். கடைசி இகரம் விடுபட்டால் ‘கணுக்கால்’ ஆகிவிடும். அது நம் பாதத்துக்கு மேலுள்ள மூட்டு. மாணவர் விடைத்தாள்களில் இந்தப் பிழையைக் கட்டாயம் திருத்த வேண்டும்.

கேள்வி: மண்புழு?

பதில்: வளையங்கள் உண்டு, மூட்டு கிடையாது. ‘கண்டங்களுள்ள உடல்’ என்பதே சரி.

கேள்வி: ‘கணுள்ள’ என்று எழுதலாமா? ‘மூட்டுள்ள’ சரி என்றால் இது மட்டும் ஏன் தவறு?

பதில்: ‘மூட்டு’ என்பதன் ஈறு குற்றியலுகரம், உயிரெழுத்து வந்தால் அந்த உகரம் கெடும். மூட்டு + உள்ள = மூட்டுள்ள. ‘கணு’ இரண்டு குறில்களால் ஆனது, ஈறு முற்றியலுகரம். இங்கே உகரம் கெடாமல் வகர உடம்படுமெய் தோன்றும். கணு + உள்ள = கணுவுள்ள. ‘கணுவுடைய’, ‘கணுவில்லாத’ எல்லாம் இதே வழிதான்.

கேள்வி: சங்கிலி, கதவு, கைகால் அசையும் பொம்மை?

பதில்: சங்கிலிக்குக் கண்ணி, கதவுக்குக் கீல். பொம்மைக்கு மட்டும் மூட்டு பொருந்தும்: ‘மூட்டு வைத்த பொம்மை’. முழங்கை மட்டும் மடங்கும் பொம்மையானால் ‘முழங்கையில் மூட்டு வைத்த பொம்மை’ என்று இடத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். வெறுமனே ‘மூட்டுள்ள’ என்றால் எல்லா இடமும் மடங்கும் என்று வாசிப்பவர் எடுத்துக்கொள்வார்.