நிரலுக்கு நிறம்: கேள்வி – பதில்

கே: புரோலாக் என்ற நிரல்மொழியில் எழுதிய கோப்புகளை, நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப் 'பெர்ல்' என்ற வேறு மொழி என்று காட்டுகிறது. நிறங்களும் தாறுமாறாக விழுகின்றன. என்ன செய்யலாம்?

ப: இரண்டு மொழிக்கும் கோப்புப் பெயரின் பின்னொட்டு '.பிஎல்' என்பதால் வந்த வினை. புரோலாக் 1972இல் பிறந்தது, பெர்ல் 1987இல். ஆனாலும் இந்தப் பங்காளிச் சண்டையில் இளையதன் கைதான் ஓங்கியிருக்கிறது. கோப்பின் மொழியைக் கண்டுபிடிக்கும் கிட்ஹப்பின் கருவியான லிங்குயிஸ்ட் கோப்புக்குள் எட்டிப் பார்த்து, ':-' (புரோலாக் விதிகளில் வரும் குறி) தென்பட்டால் புரோலாக், 'யூஸ் ஸ்ட்ரிக்ட்' தென்பட்டால் பெர்ல் என்று தீர்மானிக்கப் பார்க்கும். விதி ஒன்றுகூட இல்லாமல் தரவு வரிகள் மட்டும் இருக்கும் சின்னக் கோப்பில் அதற்குப் பிடி கிடைக்காது.

ரெப்போவின் (கிட்ஹப்பில் உங்கள் திட்டம் இருக்கும் இடம்) முதல் ஃபோல்டரில் '.கிட்ஆட்ரிபியூட்ஸ்' என்ற கோப்பை வைத்து, '*.பிஎல் லிங்குயிஸ்ட்-லாங்குவேஜ்=புரோலாக்' என்று (ஆங்கில எழுத்தில்தான்) ஒரு வரி எழுதி கமிட் செய்து (மாற்றத்தைப் பதிந்து) புஷ் பண்ணுங்கள் (கிட்ஹப்புக்கு அனுப்புங்கள்). சமக்குறிக்கு இருபுறமும் இடைவெளி விடக் கூடாது. விட்டால் வரி வேலை செய்யாது.

நிரல் எழுதும் எடிட்டரான விஎஸ் கோடில் பெர்லுக்கான நிறமிடல் கூடவே வருகிறது, புரோலாக்குக்கு வராது. முதலில் அதற்கான எக்ஸ்டென்ஷனை (கூடுதல் செருகியை) போட்டுவிட்டு, பிறகு செட்டிங்ஸில் 'ஃபைல்ஸ்: அசோசியேஷன்ஸ்' பகுதியில் '*.பிஎல்' என்பதை புரோலாக்குடன் இணையுங்கள். புதிய திட்டம் என்றால் இத்தனை பாடே வேண்டாம்: கோப்புக்கு '.புரோலாக்' என்றே பெயர் வையுங்கள். புரோலாக் நிரல்களை இயக்கும் ஸ்வி-புரோலாக் அதையும் ஏற்றுக்கொள்ளும்.

கே: இணையப் பக்கத்தில் நிரலுக்கு நிறமிடும் ஹைலைட்.ஜேஎஸ் சேர்த்தேன். பைத்தான் சரியாக வருகிறது. ஓகாமல் மொழி நிரல் மட்டும் ஏதேதோ நிறத்தில் வருகிறதே?

ப: வழக்கமாக எல்லோரும் இணைக்கும் பொதுத் தொகுப்பில் ஓகாமல் கிடையாது, ஹாஸ்கெல் மொழியும் கிடையாது. மொழியைச் சொல்லாமல் விட்டால், தன்னிடம் இருக்கிற மொழிகளில் எது அதிகம் பொருந்துகிறதோ அதன் நிறத்தைப் பூசிவிடும். ஓகாமலுக்கான தனிக் கோப்பை, முதன்மை ஸ்கிரிப்டுக்குப் பின்னும் நிறமிடலைத் தொடங்கும் 'ஹைலைட்ஆல்' அழைப்புக்கு முன்னும் இணையுங்கள். கோட் டேக்கில் 'லாங்குவேஜ்-ஓகாமல்' என்று கிளாஸும் கொடுங்கள். பத்து வரிக்குக் குறைந்த துணுக்குகளில் தானியங்கிக் கணிப்பை நம்பவே நம்பாதீர்கள்.

கே: விம் எடிட்டரில் நீளமான கோப்பின் கடைசிக்குத் தாவினால் எல்லாம் ஒரே நிறமாகிவிடுகிறது.

ப: திரையில் தெரியும் பகுதிக்குச் சற்று மேலிருந்துதான் விம் படிக்கத் தொடங்குகிறது. கமெண்டோ (குறிப்பு வரி) சரமோ (மேற்கோளுக்குள் வரும் எழுத்துத் தொடர்) அதற்கும் மேலே திறந்திருந்தால் உள்ளே, வெளியே என்பது தலைகீழாகிவிடும். ':சிண்டாக்ஸ் சிங்க் ஃப்ரம்ஸ்டார்ட்' என்ற கட்டளை கொடுத்தால் முதல் வரியிலிருந்து படித்து வரும். பெரிய கோப்பில் திணறும். நிறமிட 2,000 மில்லிவினாடிக்கு மேல் ஆனால் விம் அந்த வேலையையே நிறுத்திவிடும். இந்த வரம்பைக் குறிக்கும் 'ரீட்ராடைம்' மதிப்பை 10,000 ஆக்கிப் பாருங்கள். விம்மின் புதிய வடிவமான நியோவிம்முக்கு மாறத் தயார் என்றால் ட்ரீ-சிட்டர் என்ற கருவி நல்ல வழி: முழு நிரலையும் மரமாகப் பிரித்து வைத்துக்கொண்டு, திருத்திய இடத்தை மட்டும் மறுபடி அலசும். ஒவ்வொரு மொழிக்கும் தனி பார்சர் (நிரலைப் பிரித்தறியும் பகுதி) வேண்டும். அதைக் கம்பைல் செய்ய (இயங்கும் வடிவத்துக்கு மாற்ற) சி மொழிக் கம்பைலரும் கணினியில் இருக்க வேண்டும்.