எதனாலும் வகுபடாத 2147483647

கேள்வி: மென்பொருள் எழுதும் என் மகள், கணினியில் 32 பிட் (0 அல்லது 1 ஆக இருக்கும் 32 இலக்கங்கள்) கொண்ட முழு எண்ணுக்கு மேல்வரம்பு 2147483647 என்றும், அது ஒரு பகா எண் என்றும் சொன்னாள். பத்து இலக்க எண் ஒன்று எதனாலும் வகுபடாது என்பதைக் கணினி இல்லாமல் உறுதிசெய்ய இயலுமா? பகா எண் என்பதால்தான் அது வரம்பாக அமைந்ததா?
– வாசகி ஒருவர், அல்சூர், பெங்களூரு

பதில்: இயலும். செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில், கண்பார்வையை ஏறக்குறைய முழுவதும் இழந்திருந்த நிலையில், கணிதமேதை லியோனார்ட் ஆய்லர் 1772-ஆம் ஆண்டிலேயே அதைச் செய்து முடித்தார்.

முப்பத்தொரு இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் இந்த எண் கிடைக்கும். இதன் வர்க்கமூலம் 46340-ஐச் சற்றே தாண்டுவதால், அதுவரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். ஆனால் அவையே நாலாயிரத்துக்கும் மேற்பட்டவை. அந்தச் சுமையை ஆய்லர் குறைத்த விதம்தான் எனக்கு இந்த எண்ணைவிடவும் அழகாகத் தோன்றுகிறது.

சிறிய எடுத்துக்காட்டு ஒன்றைப் பாருங்கள். பதினொரு இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் 2047. அது 23, 89 ஆகியவற்றின் பெருக்கற்பலன். (அடுக்கு, அதாவது பெருக்கும் இரண்டுகளின் எண்ணிக்கை, பகா எண்ணாக இருப்பது மட்டும் போதாது என்பதற்கும் இதுவே சான்று.) 23-இலும் 89-இலும் ஒன்றைக் கழித்தால் 22, 88, இரண்டும் 22-ஆல், அதாவது அடுக்கின் இருமடங்கால், வகுபடுகின்றன. மேலும் 23 என்பது எட்டின் மடங்குக்கு ஒன்று குறைவு, 89 ஒன்று கூடுதல். இது தற்செயல் அன்று. அடுக்கு ஒற்றைப் பகா எண்ணாக இருக்கும்போதெல்லாம் பகாக் காரணிகள் இந்த இரு விதிகளுக்கும் உட்பட்டே தீரும்.

அடுக்கு 31 எனில், இவ்விரு விதிகளையும் சேர்த்துப் பார்க்க, காரணியை 248-ஆல் (62, 8 ஆகியவற்றின் மீச்சிறு பொது மடங்கு) வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 ஆகத்தான் இருக்க முடியும். 46340-க்குள் அத்தகைய எண்கள் ஏறத்தாழ 370. அவற்றிலும் பகு எண்களை நீக்கிவிடலாம். 63, 249 இரண்டும் மூன்றால் வகுபடுவதால் விலகிவிட, முதலில் நிற்பது 311. அதனால் வகுத்துப் பாருங்கள்: ஈவு 6905092, மீதி 35. இப்படியே இறுதிவரை சென்றால் ஒன்றுகூட மீதியின்றி வகுக்காது. அதன்பின் நெடுங்காலம், அறியப்பட்ட பகா எண்களில் இதுவே மிகப் பெரியதாக விளங்கியது.

இரண்டாவது கேள்விக்கு, இல்லை என்பதே விடை. 32 பிட்களில் ஒன்று கூட்டல் அல்லது கழித்தல் குறிக்குப் போக, எஞ்சிய 31-உம் 1 என நிற்கும்போது கிடைக்கும் மதிப்பு இது. பகா எண்ணாக அமைந்தது தற்செயலே. 16 பிட்களுக்கு உரிய வரம்பான 32767 ஏழால் வகுபடும். 64 பிட்களுக்கு உரிய வரம்பும் அவ்வாறே. 1970-இன் தொடக்கத்திலிருந்து நொடிகளை 32 பிட்களில் எண்ணிவரும் பழைய நிரல்கள் இந்த வரம்பைத் தொடும் நேரம், இந்திய நேரப்படி 2038 ஜனவரி 19, காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடி. தங்கள் மகள் அதனை நன்கு அறிந்திருப்பார்.