லேசர் தகவல் தொடர்பில் காற்றுக் கொந்தளிப்பால் சிக்னல் விட்டுவிட்டு வருகிறது. ரிசீவர் பக்கத்தில் இதை எப்படிக் குறைப்பது?

முதலில் லென்ஸின் அகலத்தைப் பாருங்கள். கல்லூரி இறுதியாண்டில் இரண்டு மொட்டை மாடிகளுக்கு நடுவே 400 மீட்டர் தூரத்துக்கு லேசர் இணைப்பு அமைத்தோம். காலை ஆறு மணிக்கு அருமையாக ஓடியது. வெயில் ஏறித் தளம் சுட ஆரம்பித்ததும் ஆசிலாஸ்கோப்பில் (சிக்னலை வரைகோடாகக் காட்டும் கருவி) சிக்னல் காற்றில் ஆடும் சுடர் போல எழுந்து விழுந்தது. லேசரின் சக்தியைக் கூட்டியும் ஆட்டம் குறையவில்லை.

சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் கலக்கும் இடத்தில் ஒளி அங்கங்கே வளைகிறது. ரிசீவருக்கு வந்து சேரும்போது கற்றை முழுக்க வெளிச்சத் திட்டும் இருட்டுத் திட்டுமாக இருக்கும். அலைநீளத்தையும் தூரத்தையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால், திட்டின் அளவு தோராயமாகத் தெரியும். எங்கள் 650 நானோமீட்டர் லேசருக்கு அது சுமார் 1.6 செ.மீ.; எங்கள் லென்ஸோ 2 செ.மீ. ஒரே ஒரு இருட்டுத் திட்டு போதும், சிக்னல் காலி. 15 செ.மீ. லென்ஸ் மாட்டிய பிறகு பல திட்டுகள் ஒன்றாக விழுந்து சராசரியாகி, ஆட்டம் நன்றாக அடங்கியது. கற்றையைத் தளத்திலிருந்து ஒரு ஆள் உயரத்துக்குத் தூக்கியதும் உதவியது.

சரி, அகலமான லென்ஸ் எல்லாவற்றுக்கும் போதுமா? அது உங்கள் டிடெக்டரை, அதாவது லென்ஸுக்குப் பின்னால் ஒளியை உணரும் பாகத்தைப் பொறுத்தது. அகலமான போட்டோடயோடு (ஒளியை மின்சாரமாக மாற்றும் சில்லு) என்றால் பெரும்பாலும் போதும். ஒளியை ஒரே பாதையில் மட்டும் கடத்தும் மெல்லிய கண்ணாடி இழையான சிங்கிள் மோட் ஃபைபருக்குள் செலுத்த வேண்டுமென்றால் கதை வேறு. அதில் ஒளி ஓடும் நடுப்பகுதி சுமார் 10 மைக்ரான்தான். அலைமுகப்பு, அதாவது ஒளி அலையின் முன்பரப்பு, கொஞ்சம் நெளிந்தாலும் ஒளி வெளியே சிந்திவிடும். அங்கே நெளிவை அளந்து, வளையும் கண்ணாடியால் உடனுக்குடன் நேராக்கும் அடாப்டிவ் ஆப்டிக்ஸ் தேவை. நாசா 2021இல் ஏவிய லேசர் தகவல் தொடர்புச் சோதனைக் கருவியான எல்சிஆர்டிக்கான தரை நிலையங்களில் இது இருக்கிறது. ஆனால் 2013இல் நிலவைச் சுற்றிய விண்கலத்திலிருந்து 622 மெகாபிட் வேகத்தில் தரவு வாங்கிய தரை நிலையத்தில் இது இல்லை. 40 செ.மீ. தொலைநோக்கிகள் நான்கும், சற்று அகலமான ஃபைபரும், ஒவ்வொரு ஃபோட்டானாக (ஒளித்துகளாக) எண்ணும் டிடெக்டர்களுமே போதுமானதாக இருந்தன. எனக்கு மிகவும் பிடித்த வடிவமைப்பு அது.

அப்புறம், எவ்வளவு செய்தாலும் சில மில்லிநொடி இருட்டு மிஞ்சும். 1 கிகாபிட் வேகத்தில் 10 மில்லிநொடி போனால் 1 கோடி பிட்கள் போச்சு. பிழைதிருத்தக் குறியீட்டை மட்டும் போட்டால் இவ்வளவு நீளமான ஓட்டையை அடைக்க முடியாது. பிட்களைக் கலைத்துப் பரப்பி அனுப்பும் இன்டர்லீவிங்கையும் சேருங்கள்; ஒரு பெரிய ஓட்டை, குறியீட்டால் சரிசெய்யக்கூடிய சிறு சிறு பிழைகளாகச் சிதறிவிடும். அந்த நிலவு இணைப்பில் சுமார் ஒரு நொடி அளவுக்குப் பரப்பினார்கள்.

உங்கள் தூரம், அலைநீளம், டிடெக்டர் வகை மூன்றையும் சொன்னால் லென்ஸ் அளவைக் கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.