சவுதியில் தம்பி, நாகர்கோவிலில் வழக்கறிஞர்

கேள்வி: கருங்கல் பக்கத்து ஏஜென்ட் ஒருவரிடம் ஒன்றரை லட்சம் ரூபாய் கொடுத்து, வெல்டர் வேலைக்காக என் தம்பி சவுதியின் தம்மாம் நகருக்குச் சென்றான். ஐந்து மாதமாகச் சம்பளம் இல்லை. பாஸ்போர்ட்டும் கம்பெனியிடம் இருக்கிறது. ஐம்பதாயிரம் கொடுத்தால் இங்குள்ள கோர்ட் மூலமாகவே அவனை ஊருக்கு வரவழைத்துவிடலாம் என்று ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?
— வாசகி, மார்த்தாண்டம்

பதில்: கொடுக்க வேண்டாம். சவுதி முதலாளிக்கு உத்தரவிடும் அதிகாரம் நாகர்கோவில் நீதிமன்றத்துக்கும் இல்லை, உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கும் இல்லை. உங்கள் புகாரின் மீது மத்திய அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று மதுரையில் ரிட் மனு போடலாம்; ஆனால் புகாரே கொடுக்காமல் அந்த மனுவுக்கு வலு இருக்காது.

ஆகவே முதலில் வெளியுறவு அமைச்சகத்தின் மதத் இணையதளத்தில் புகாரைப் பதிவு செய்யுங்கள். தம்மாம் நகரம் ரியாத்தில் உள்ள இந்தியத் தூதரகத்தின் எல்லைக்குள் வருவதால், தம்பியும் அங்கே நேரடியாக எழுத வேண்டும். இக்காமா (சவுதியில் தங்குவதற்கான அனுமதி அட்டை) எண், வேலை ஒப்பந்தத்தின் எல்லாப் பக்கங்கள், கடைசியாகச் சம்பளம் ஏறிய வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றைப் போட்டோ எடுத்து உங்களுக்கும் அனுப்பி வைக்கச் சொல்லுங்கள். சம்பளப் பாக்கிக்கு அந்நாட்டுத் தொழிலாளர் துறையில்தான் புகார் செய்ய வேண்டும். அங்கே முதலில் சமரசம் பேசுவார்கள், அது முடியாதபோதுதான் வழக்கு தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போகும். வறிய நிலையில் இருப்பவர்களுக்குச் சட்ட உதவிக்கும் விமான டிக்கெட்டுக்கும் தூதரகத்தின் இந்தியச் சமூக நல நிதியிலிருந்து உதவி கிடைக்க வழி உண்டு. கோபத்தில் தம்பி கம்பெனி தங்க வைத்திருக்கும் கேம்ப்பை விட்டு வெளியேறிவிடக் கூடாது. வேலையிலிருந்து ஓடிவிட்டதாகக் கம்பெனி 'ஹுரூப்' பதிவு செய்துவிட்டால், நியாயம் கேட்க வேண்டியவரே குற்றம் சாட்டப்பட்டவராகிவிடுவார்.

இங்கே நீங்கள் நடத்த வேண்டிய வழக்கு ஏஜென்ட் மீதானது. 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி, பதிவுச் சான்று இல்லாமல் வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பது குற்றம். பதிவு பெற்றவரும் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம். ஏஜென்டின் பெயர் மத்திய அரசின் இமைகிரேட் (eMigrate) இணையதளத்தில் உள்ள பதிவு பெற்ற ஏஜென்ட்கள் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். நம் மாவட்டத்தில் 'விசா எடுத்துக் கொடுப்பவர்' என்று பத்துப் பேருக்குத் தெரிந்திருப்பதையே உரிமமாக எண்ணிவிடுகிறோம். தம்பி பத்தாம் வகுப்புத் தேறாதவர் என்றால், சவுதி உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்லக் குடிபெயர்வு அனுமதி பெற்றிருக்க வேண்டும். அதைத் தவிர்க்க விசிட் விசாவில் அனுப்பியிருந்தால், அதையும் காவல் நிலையப் புகாரில் தவறாமல் எழுதுங்கள்.

வழக்கறிஞருக்குப் பணம் தேட வேண்டியதில்லை. 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி, வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. ஏஜென்டுக்குப் பணம் கொடுத்தது நீங்களாக இருந்தால், உங்கள் பெயரிலேயே மனு கொடுக்கலாம். நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள், அல்லது 15100 என்ற எண்ணில் கேளுங்கள். ஏஜென்டுக்குப் பணம் அனுப்பிய ரசீதையும், அவர் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பிய பதிவுகளையும் அழிக்காமல் எடுத்துச் செல்லுங்கள். கையில் ரொக்கமாகக் கொடுத்திருந்தால், கொடுக்கும்போது உடன் இருந்தவரையும் அழைத்துச் செல்லுங்கள்.