அம்மாவ பாத்துக்கிட்ட கணக்கு

அன்புள்ள அக்கா,

அம்மா தவறி எட்டு மாசம் ஆச்சு, அப்பா முன்னாடியே போயிட்டார். சிங்கப்பூர் தோ பாயோ வீடு அம்மா பேர்லதான் இருக்கு, உயில் இல்ல. வித்து பாதி பாதி எடுத்துக்கலாம்ங்கிறார் அண்ணன். கடைசி வரைக்கும் அம்மாவ பாத்துக்கிட்டது நான், அவர் பண்டிகைக்கு வந்து போனவர். இப்ப பேச்சுவார்த்தையே இல்ல. பைபிள்ல யாக்கோபு 4 வாசிச்சதுலருந்து மனசு குத்துது. என் சுயநல ஆசைய எப்படி ஜெயிக்கிறது? லாயர்கிட்ட போறது பாவமா? 21 நாள் உபவாசம் இருக்கட்டுமா?

உட்லண்ட்ஸிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

உபவாசம் இருங்க, வேணாம்னு சொல்ல நான் யாரு. ஆனா அண்ணன் மனசு மாறணும்னு இருக்கப்போறீங்கன்னா வேணாம், நீங்க வாசிச்ச அதே அதிகாரத்துல மூணாம் வசனம், நம்ம ஆசைய நிறைவேத்திக்க ஜெபிக்கிறதத்தான் கண்டிக்குது. லாயர் விஷயம், உயில் இல்லாட்டி இங்க சட்டப்படி பிள்ளைங்களுக்கு சமபங்கு, வீட்ட பேர் மாத்த கோர்ட்ல நிர்வாகப் பத்திரம் வாங்கித்தான் ஆகணும், அதுக்குப் போறதுல ஒரு பாவமும் இல்ல. அண்ணன் மேல கேஸ் போடத்தான்னா, சகோதரன் மேல வழக்குக்குப் போறத கண்டிக்கிற 1 கொரிந்தியர் 6 வாசிச்சுட்டுப் போங்க.

எனக்கு உறுத்தினது வேற. "பாத்துக்கிட்டது நான்". இதத்தான் நான் ரொம்ப நாளா யோசிச்சிட்டு இருந்தேன். லூக்கா 15ல சொத்த அழிச்சுட்டு வீடு திரும்பின இளைய மகன பத்தி எத்தன பிரசங்கம் கேட்டிருப்போம், வயல்லருந்து வந்து வாசல்லயே நின்ன மூத்தவன யாரும் சரியா பேசறதில்ல. இத்தன வருஷம் உமக்கு ஊழியம் செஞ்சேன், ஒரு ஆட்டுக்குட்டி கூட தரலன்னு அப்பாகிட்ட கணக்கு வாசிக்கிறான். அவன் சொன்னதுல பொய் இல்ல தம்பி, அதான் ஆபத்து. பொய்யா இருந்தா என்னைக்காவது வெக்கப்பட்டு விட்டிருப்பான். அன்பா செஞ்சத பில்லா மாத்தினதும் அதுவே ஆசையாயிடுது, நமக்கு அது ஆசைன்னே தெரியாது, நியாயம்னு நினைப்போம்.

எங்க பாட்டிய கடைசில பாத்தது எங்கம்மா. பாலிக்கிளினிக், ராத்திரி முழிப்பு, துணி மாத்தறது எல்லாம் அவங்கதான். பாட்டி தன் அட்டிகைய சித்தி கைல குடுத்துட்டாங்க. அப்புறம் பல வருஷம் ரெண்டு பேரும் ஒரே சர்ச்சுல ஆளுக்கொரு பக்கம் உக்காந்து ஒரே திருவிருந்து எடுத்தாங்க. ஒரு நாள் நான் கோவமா, அந்த நகைய போய் கேட்டுத்தான் வாங்குங்களேன்னேன். "நகை யாருக்குடி வேணும், நீதான்க்கா பாத்துக்கிட்டேன்னு அவ வாயால ஒரு வார்த்தை சொல்லட்டும்"னாங்க. ஆசை அங்க இருந்திருக்கு. சொன்னப்புறம் அவங்களுக்கே திக்குனு ஆச்சு. அதுக்கப்புறம் அந்தக் கணக்க வீட்ல எடுக்கறத நிறுத்தினாங்க, நாக்கு வரைக்கும் வரும், "எங்கம்மாவுக்கு நான் ஆசையா செஞ்சது"ன்னு சொல்லி முழுங்கிடுவாங்க. லேசா வரல, ஜெபத்துல அழுது அழுது வந்தது. சித்தி அந்த வார்த்தைய கடைசி வரைக்கும் சொல்லல. ஆனா சண்டை நின்னுச்சு, சித்தி வீட்டுக்கு அம்மா போக ஆரம்பிச்சாங்க.

நீங்க அம்மாவ பாத்தது பெரிய விஷயம், யாரும் அத உங்ககிட்டருந்து எடுக்க முடியாது. அதுக்கு தோ பாயோவுல விலை போடாதீங்க, அசிங்கமா இருக்கு.

இன்னொண்ணு. இவ்வளவு எழுதினவர் அண்ணன் இப்ப எப்படி இருக்கார், அம்மா போனத எப்படி தாங்கறார்னு ஒரு வரி எழுதலியே? அவருக்கும் அம்மாதானே. இந்த வாரமே போன் பண்ணுங்க, வீட்டுப் பேச்சே எடுக்காதீங்க, அவர் எப்படி இருக்கார்னு மட்டும் கேளுங்க. கேட்டுட்டு எனக்கு எழுதுங்க.